வேலூர் வெயிலுக்கு ஆட்டோ இன்ஜினைத் தயார்செய்தல்: விருதம்பட்டுப் பட்டறையின் கோடை சர்வீஸ் பற்றி

காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து பாலாற்றுப் பாலம் வழியாக வேலூருக்குள் வருகிற சாலையில், விருதம்பட்டில் உள்ளே திரும்பும் தெருக்களில் ஒன்றில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு மெக்கானிக் பட்டறை இருக்கிறது. ஆட்டோவைத் தவிர வேறு வண்டி எதையும் அங்கே தொடமாட்டார்கள். மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் அங்கே நடக்கும் வேலைக்கு எங்கள் ஸ்டாண்டில் ‘கோடை சர்வீஸ்’ என்று பெயர். வழக்கமான ஆயில் மாற்றும் சர்வீஸ் அல்ல, இன்ஜின் சூட்டைக் கட்டுக்குள் வைப்பதற்கென்றே தனியாகச் செய்யப்படுகிற வேலை. இந்த ஆண்டு என் வண்டியை அங்கே விட்டு எடுத்தேன். கத்திரி வெயிலையும் அதே வண்டியில் ஓட்டிக் கடந்துவிட்டதால், கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதை இப்போது நிதானமாக எழுத முடிகிறது.

என்னுடையது நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் பெட்ரோல் வண்டி. காட்பாடியில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களை சி.எம்.சி. மருத்துவமனைக்கும், அங்கிருந்து அவர்கள் தங்கும் விடுதிகளுக்கும், சில நாட்களில் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கும் கொண்டுபோய் விடுவதுதான் என் சவாரி. வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று தூரத்திலிருந்து சிகிச்சைக்காக வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குகிற ஏற்பாட்டோடு வருவார்கள். மூன்று பேர் ஏறினால் நாலு பேருக்கான மூட்டையும் கூடவே ஏறும். மதியம் வந்து சேரும் ரயில்களுக்கும் நாங்கள்தான் நிற்க வேண்டும். ஆகவே எங்கள் வண்டிகளின் இன்ஜின் சூடாவதற்கு வேண்டிய எல்லாமே, அதாவது சுமை, நெரிசல், மேம்பால ஏற்றம், உச்சி வெயில் ஆகிய நான்கும், ஒரே சவாரிக்குள் அமைந்துவிடுகின்றன.

பட்டறையைப் பற்றிச் சொல்வதற்கு முன் வண்டியின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த மெக்கானிக்கின் வேலை முழுவதும் அதை ஒட்டியே நடக்கிறது. ஹேண்டில்பாரும், கையால் முறுக்கும் ஆக்ஸிலேட்டரும், சிறிய ஒற்றை சிலிண்டர் இன்ஜினும் கொண்ட ஆட்டோ, இயந்திர வகையில் மூன்று சக்கரம் வைத்த மோட்டார் சைக்கிள்தான். ஆனால் மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் எதிர்காற்றில் நேராக நிற்கிறது. வண்டி ஓட ஓட, காற்று தானாகவே அதைக் குளிர்வித்துவிடும். ஆட்டோவின் இன்ஜினோ பின் இருக்கைக்குப் பின்னால், தகரப் பெட்டிக்குள், எதிர்காற்று நேரடியாகப் போய்ச் சேராத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பஜாஜ் நிறுவனம் பின்பக்க இன்ஜின் வைத்த ஆட்டோவை 1977இல் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய முன்பக்க இன்ஜின் வண்டிகளில் ஓட்டுநரின் கால்மாட்டில் இருந்த சூடு, இந்த மாற்றத்தால் சவாரி வருகிறவரின் முதுகுப் பக்கம் போனது. ஓட்டுநருக்கு நிம்மதி, இன்ஜினுக்கு எதிர்காற்று கிடைப்பதில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான், மின்சாரம் தரும் மேக்னெட்டோவோடு சேர்த்து, இன்ஜின் சுழற்றும் கிராங்க் தண்டிலேயே ஒரு ஃபேனைப் பொருத்தி, அது தள்ளுகிற காற்றை ஒரு தகர உறை வழியாக சிலிண்டருக்கும், அதன் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் கொண்டுபோகிறார்கள். சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக இருக்கும் ஃபின்களின் இடுக்கு வழியே அந்தக் காற்று பாய்ந்து, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகிறது. இந்த ஏற்பாட்டுக்குத் தனி மோட்டார் கிடையாது, சூட்டைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் கிடையாது. இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு காற்று. இன்ஜின் நின்றால் காற்றும் நின்றுவிடும்.

வெயில்தான் இன்ஜினைக் கெடுக்கிறது என்று ஸ்டாண்டில் எல்லோரும் சொல்வது வழக்கம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல என்பதால் அது நியாயமாகவும் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. ஓடும் இன்ஜினின் ஃபின்கள் சுமார் 160 டிகிரியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மார்கழியில் 28 டிகிரிக் காற்று அவற்றின் மேல் பட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 132 டிகிரி. மே மாதத்தில் 42 டிகிரிக் காற்று பட்டால் வித்தியாசம் 118 டிகிரி. காற்று எடுத்துச் செல்லும் சூடு ஏறக்குறைய இந்த வித்தியாசத்தைப் பொறுத்ததுதான். அப்படியானால் வெயில் நம்மிடமிருந்து பறித்துக்கொள்வது குளிர்ச்சியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தார்ச்சாலையை ஒட்டிய காற்று இன்னும் சூடாக இருக்கும் என்பதைச் சேர்த்தாலும் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நன்றாகப் பராமரித்த இன்ஜினுக்கு அது தாங்கக்கூடிய இழப்பு. வருடம் முழுவதும் மெதுவாக அடைபட்டும் கழன்றும் போன காற்றுவழிதான் மிச்சத்தைத் தின்றுவிட்டு, பழியை வெயிலின் மேல் போடுகிறது. விருதம்பட்டு மெக்கானிக் இந்தக் கணக்கைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் செய்கிற வேலை முழுக்க முழுக்க இந்தக் கணக்கின்படியே இருக்கிறது.

வண்டியை முந்தின நாள் இரவே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. காலையில் பின் மூடியைத் திறந்ததும் அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை, டார்ச்சை எடுத்தார். தகர உறையின் விளிம்பு நெடுகிலும் விரலை ஓட்டி, எங்கெங்கே ஸ்க்ரூ இல்லை என்று பார்த்தார். என் வண்டியில் ஹெட்டின் பக்கம் இருக்க வேண்டிய ஒரு தகடு முழுதாகவே இல்லை. சென்ற ஆண்டு வேறொரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றி வேலை பார்த்தபோது அந்தத் தகட்டைத் திரும்ப மாட்டாமலேயே விட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இது அந்த ஒரு பட்டறையின் குணம் மட்டும் அல்ல. உறையை முழுவதும் மாட்டினால் அடுத்த முறை பிளக்கைக் கழற்றக்கூடக் கை நுழையாது என்று பல இடங்களில் அதை எடுத்துத் தூக்கிப் போடுகிறார்கள். வண்டிக்காரர் கேட்டால், “மூடி இல்லாம இருந்தா காத்து நல்லா படும் அண்ணா” என்று பதில் வரும். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. உண்மையில், ஃபேன் தள்ளும் காற்று இடுக்கான ஃபின்களுக்குள் நுழைவது உறை அதைக் கட்டாயப்படுத்துவதால்தான். ஒரு பக்கம் திறந்துவிட்டால் காற்று சுலபமான வழியாக வெளியே போய்விடும், ஹெட்டின் சூடான பகுதி அப்படியே நிற்கும். திறந்து கிடக்கும் இன்ஜின் பார்வைக்குத்தான் காற்றோட்டமாக இருக்கும்.

தகடு பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி வந்தது. வளைந்திருந்ததைத் தட்டி நேராக்கி, புது ஸ்க்ரூ போட்டு மாட்டினார். அதற்கு முன் செய்ததுதான் அன்றைய வேலையில் மிகுந்த நேரத்தை எடுத்துக்கொண்டது. வால்வுகளை அமுக்கித் திறக்கும் டாப்பெட்டின் மூடியில், அதன் பேக்கிங்கில் லேசான ஆயில் கசிவு நீண்ட நாட்களாகவே இருந்திருக்கிறது. கசிந்த ஆயிலில் பாலாற்றுக் கரைத் தூசி ஒட்டி, சூட்டில் வெந்து, அடிப்பிடித்த பொங்கல் பானையைப் போல ஃபின்களின் இடுக்கில் கறுப்பாக இறுகிக் கிடந்தது. மேலோட்டமாகப் பார்க்கிறவருக்குக் கொஞ்சம் அழுக்கு என்றுதான் தோன்றும். அவர் மெல்லிய ஹேக்ஸா பிளேடு ஒன்றை வரிகளுக்குள் விட்டபோது பாதி ஆழத்துக்கு மேல் போகவில்லை. மண்ணெண்ணெயில் தோய்த்த பிரஷ், பிறகு மரக்குச்சி, பிறகு கம்ப்ரசர் காற்று என்று மாற்றி மாற்றி, ஒவ்வொரு வரியாகச் சுத்தம் செய்தார். இரும்புக் கம்பியால் சுரண்டினால் அலுமினியம் கீறும் என்பதால் பையனிடம் குச்சியைத்தான் கொடுத்திருந்தார். ஃபேனின் இதழ்களிலும் அதே கறுப்பு இருந்தது. இதழில் அழுக்கு ஏறினால் அது தள்ளும் காற்றின் அளவு குறைவதோடு ஃபேனின் சமநிலையும் கெடும்.

இந்தச் சுத்தத்தை வாட்டர் சர்வீஸில் செய்துகொள்ளலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. இன்ஜின் சூடாக இருக்கும்போது ஹெட்டின் மேல் பைப் தண்ணீரைப் பீய்ச்சுவது கெடுதல். ஒரு பக்கம் திடீரென்று சுருங்கி ஹெட் வளையவோ விரிசல் விடவோ வாய்ப்பிருக்கிறது. ஆறிய பின் அடித்தாலும், எண்ணெயோடு வெந்துபோன அழுக்கைத் தண்ணீர் மட்டும் கரைக்காது. கசிவை நிறுத்தாமல் ஃபின்னை மட்டும் சுத்தம் செய்வதும் வீண், ஒரே மாதத்தில் பழையபடி ஆகிவிடும். ஆகவே டாப்பெட் மூடிக்குப் புது பேக்கிங் போடாமல் அவர் சுத்தம் செய்ய ஒப்புக்கொள்வதில்லை.

இரவே வண்டியை விடச் சொன்னதற்குக் காரணம் டாப்பெட். இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது அளந்தால்தான் டாப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்க வேண்டும் என்று கம்பெனி கையேட்டில் சொல்லியிருக்கும் இடைவெளி சரியாக வரும். பல இடங்களில் வண்டி வந்து நின்ற சூட்டோடு மூடியைத் திறந்து, காதால் சத்தம் கேட்டு, இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். சத்தம் நின்றுவிட்டதே என்று வண்டிக்காரருக்கும் சந்தோஷம். எக்ஸாஸ்ட் வால்வின் கதையோ வேறு: எரிந்த வாயுவின் முழுச் சூட்டையும் வாங்கிக்கொள்ளும் அந்த வால்வு, மூடியிருக்கும் நேரத்தில் ஹெட்டில் அது படியும் வளையமான தன் இருக்கையோடு ஒட்டி உட்கார்ந்துதான் அந்தச் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துகிறது. டாப்பெட்டில் இடைவெளி இல்லாமல் இறுக்கிவிட்டால், சூட்டில் நீண்ட வால்வு முழுதாக மூட முடியாது. சூட்டை இறக்கிவைக்க வழியில்லாமல் அதன் விளிம்பு கருகிப்போகும். என் வண்டியில் எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. நட்டைத் தளர்த்தி, உரிய தகட்டை இடையில் விட்டு, லேசான பிடிப்போடு அது வெளியே வருகிற அளவுக்கு வைத்து, பிறகு நட்டை இறுக்கியதும் அளவு மாறிவிட்டதா என்று இன்னொரு முறை பார்த்தார். அந்த இரண்டாம் முறை பார்ப்பதில்தான் இவருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது.

எல்.பி.ஜி., சி.என்.ஜி. வண்டிக்காரர்கள் இந்த ஒரு வேலையை இன்னும் அடிக்கடி செய்துகொள்ள வேண்டும். பெட்ரோல் திரவமாக உள்ளே போய் ஆவியாகும்போது சிறிது சூட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். வாயுவாகவே உள்ளே போகும் எரிபொருளில் அந்த உதவி கிடையாது. வால்வு இருக்கையும் அதில் வேகமாகத் தேய்கிறது, தேயத் தேய டாப்பெட் இடைவெளி தானாகக் குறைகிறது. கேஸ் வண்டிகள் கோடையில் இழுவை இல்லாமல் திணறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது அவருடைய கணிப்பு. காட்பாடி ஸ்டாண்டில் நான் பார்த்த வரையில் அது சரியாகவே இருக்கிறது.

பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்ப்பது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். என்னுடையது பழுப்பாக இல்லாமல் வெளுத்திருந்தது, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையில் இன்ஜின் எரிந்துகொண்டிருந்தது. உடனே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைத் திருகிச் சரிசெய்யாமல், காற்று எங்கிருந்து திருட்டுத்தனமாக உள்ளே வருகிறது என்று தேடினார். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் இணைப்பை அமுக்கி வளைத்தபோது, அடிப்பக்கத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு தெரிந்தது. மேலே இருந்து பார்த்தால் அது கண்ணில் படவே படாது. சூட்டில் ரப்பர் வெடிக்கிறது, வெடிப்பு வழியே காற்று புகுந்து கலவை மெலிகிறது, மெலிந்த கலவை இன்னும் சூட்டைக் கிளப்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். ரப்பரை மாற்றிய பிறகு, கார்புரேட்டரில் பெரிதாக எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. ஏர் ஃபில்டரை மட்டும் புதிதாகப் போட்டார்.

ஆயில் விஷயத்தில் அவருக்குப் பிடிவாதம் உண்டு, அது நல்ல பிடிவாதம். கிளட்ச் தட்டுகள் ஆயிலுக்குள்ளேயே இயங்கும் வண்டிக்கு, மோட்டார் சைக்கிளுக்கென்று வரும், ஜாசோ எம்.ஏ. என்று டப்பாவில் அச்சிட்ட ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்பார். எங்கள் ஊர்ச் சூட்டுக்கு 20டபிள்யூ-50 கனம். விலை குறைவாகக் கிடைக்கிறது என்று கார் ஆயிலை ஊற்றினால், அதில் உராய்வைக் குறைக்கக் கலந்திருக்கும் பொருள்களால் கிளட்ச் வழுக்கும். வழுக்கும் கிளட்சில் வீணாகிற சக்தி முழுவதும் சூடாகத்தான் மாறும், அந்தச் சூடும் அதே ஆயிலுக்குள்தான் போய்ச் சேரும். ஆயில் அளவை டிப்ஸ்டிக்கில் பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது அற்பமான காரியம்போல் தோன்றலாம். எங்கள் ஸ்டாண்டின் தரை ஒரு பக்கம் சரிந்தது. அங்கே நிறுத்தி அளந்து, நிரம்ப இருப்பதாக நம்பிக்கொண்டு ஆயில் குறைவோடு ஓடுகிற வண்டிகள் எத்தனையோ.

அவர் செய்ய மறுத்த வேலைகளையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். கோடை வந்துவிட்டால் ஆட்டோக்காரர்களிடம் விற்பதற்கென்றே சில பொருள்கள் கடைத்தெருவில் முளைக்கின்றன. ஆயிலில் கலக்கும் சிறு பாட்டில்கள், பின் மூடிக்குள் பொருத்தும் 12 வோல்ட் குட்டி ஃபேன், இருக்கைக்கு அடியில் ஒட்டும் வெள்ளிநிறத் தாள் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ரேடியேட்டரே இல்லாத வண்டிக்குக் கூலன்ட் விற்ற கடையும் உண்டு என்று ஸ்டாண்டில் ஒரு கதை ஓடுகிறது. நம்புவதா வேண்டாமா தெரியவில்லை. குட்டி ஃபேனைப் பொருத்தித் தரச் சொல்லி நான் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே, “இன்ஜின் ஃபேன் ஒரு பக்கம் தள்ளும், இது எதிர்ப்பக்கம் தள்ளும், நடுவுல ஹெட்டு வேகும் அண்ணா” என்றார். காற்று எந்தத் திசையில் போகிறது என்று பார்க்காமல் வைக்கும் கூடுதல் ஃபேன், இருக்கிற ஓட்டத்தையும் குலைத்துவிடும் என்பது சரிதான். பேட்டரிக்கும் அது தேவையில்லாத சுமை. பின் மூடியில் ஓட்டை போட்டுத் தருவதற்கும் அவர் இசைவதில்லை. ஆனால் மூடிக்குள் நான் செருகி வைத்திருந்த துணிகளையும் கோணிப்பையையும் எடுத்து வெளியே போட்டார். சூடான காற்று வெளியேறும் வழியில் துணி கிடப்பது அடைப்பு மட்டும் அல்ல, ஆயில் நனைந்த துணி சைலன்சருக்குப் பக்கத்தில் இருப்பது தீ விபத்துக்கும் இடம் கொடுப்பது. வெள்ளித் தாளைப் பற்றி மட்டும் அவர் கருத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. இன்ஜினுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பது உண்மை. இருக்கையின் பின்பலகையில் ஒட்டினால் சவாரி வருகிறவரின் முதுகில் ஏறும் சூடு குறையத்தான் செய்கிறது. நோயாளிகளை ஏற்றுகிற வண்டிக்கு அதுவும் ஒரு காரியம்தானே. ஆகவே அதை நானே பிறகு ஒட்டிக்கொண்டேன்.

சக்கரங்களையும் பார்த்தார் என்பதைக் கேட்டால் இன்ஜின் சூட்டுக்கும் சக்கரத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். ஜாக்கி போட்டுத் தூக்கி, கையால் சுற்றிவிட்டபோது பின் சக்கரங்களில் ஒன்று, முக்கால் சுற்றுகூட முடியாமல் நின்றது. பிரேக் ஷூ டிரம்மை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த உரசலையும் சேர்த்து இழுக்க வேண்டிய சுமை நாள் முழுவதும் இன்ஜினுக்கு. டயர் காற்று குறைந்தாலும் இதே கதைதான்.

வேலை முடிந்ததும் சோதித்துக் காட்டுகிற முறை எனக்குப் பிடித்திருந்தது. துப்பாக்கி வடிவத்தில் இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வைத்திருக்கிறார். பளபளப்பான அலுமினியத்தில் அதைப் பிடித்தால் உள்ள சூட்டைவிடக் குறைவாகவே காட்டும், ஏனென்றால் பளபளக்கும் உலோகம் தன் சூட்டைக் கதிராக அதிகம் வெளியிடாது. அதற்காக ஹெட்டில் பிளக்குக்குப் பக்கத்தில் கறுப்புப் பெயின்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புள்ளி வைத்து, வேலைக்கு முன்பும் பின்பும் அதே புள்ளியிலேயே அளக்கிறார். வண்டியை விடப் போன அன்று மாலையே காட்பாடி மேம்பாலம் வரை என்னை அழைத்துப்போய் அளந்துவிட்டு, மறுநாள் வேலை முடிந்தபின் அதே வழியில் போய்வந்து அளந்தார். சூடு கண்கூடாகக் குறைந்திருந்தது. இரண்டு மாலைகளின் வெயிலும் நெரிசலும் ஒன்றுபோல இருந்திருக்காது என்பதால் அந்த எண்களை இங்கே எழுதிப் பெருமை பேச விரும்பவில்லை. சாலையில் தெரிந்த வேறுபாடுகளே எனக்குப் போதுமானவை.

அவற்றில் முதலாவது, சூடான வண்டி நின்றபின் திரும்ப ஸ்டார்ட் ஆவது. முன்பு மதிய சவாரியை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு நிறுத்தினால், அடுத்த சவாரி வந்து ஏறியபின் இன்ஜின் பிடிக்காமல் சோதிக்கும். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கும். இந்தக் கோடையில் அந்தத் தொல்லை வரவில்லை. மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது கேட்கும் ‘கிணுகிணு’ சத்தமும், அதாவது சூட்டினால் கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங்கும், அடங்கிவிட்டது. ஆயில் முன்புபோலச் சீக்கிரம் கறுக்கவில்லை. பெட்ரோல் செலவில் சிறிது மிச்சம் தெரிகிறது. அது டாப்பெட்டினாலா, பிரேக் உரசல் நின்றதனாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வண்டியை ஒப்படைக்கும்போது ஓட்டும் முறை பற்றி அவர் சொன்ன இரண்டு விஷயங்கள் சர்வீஸின் பகுதியாகவே எனக்குப் படுகின்றன. ஏற்றத்தில் டாப் கியரிலேயே முக்கி முக்கி ஏறாமல், முன்கூட்டியே கியரைக் குறைத்துவிட வேண்டும். இன்ஜின் அலறுகிறதே, சூடாகிவிடுமே என்று பலரும் இதற்குப் பயப்படுகிறார்கள். ஃபேன் கிராங்கோடு சேர்ந்தே சுற்றுகிறது என்பதை நினைவில் வைத்தால் பயம் போய்விடும்: குறைந்த கியரில் இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் காற்றும் கூடுதலாக வருகிறது, டாப் கியரில் திணறும்போதுதான் சுமை அதிகம், காற்று குறைவு. மற்றொன்று, நீண்ட சவாரி முடிந்த கையோடு சாவியைத் திருப்பி அணைக்காமல், ஒரு நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு அணைப்பது. அணைத்த நொடியில் காற்று நின்றுவிடும், சிலிண்டரில் தேங்கிய சூடு ஹெட்டிலும் ஆயிலிலும் பரவும். ரயில்வே கேட் மாதிரி நீளமான காத்திருப்புக்கு அணைப்பதே நல்லது. சிக்னலில் அணைத்து அணைத்துப் போடுவதால் பயனில்லை. அமெரிக்காவில் ஓடும் ஹார்லி-டேவிட்சனின் பெரிய வண்டிகளில், சூடு ஏறிய நிலையில் நிற்கும்போது பின் சிலிண்டருக்கு எரிபொருளைத் தானாகவே நிறுத்திவிடும் ஏற்பாடு இருக்கிறது. நம்மிடம் இருப்பதே ஒரு சிலிண்டர். அதையும் நிறுத்திவிட்டால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. இரவே வண்டியை விடுவதால் முதல் நாள் மாலைச் சவாரியும் மறுநாள் முழு வருமானமும் போய்விடுகின்றன. வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது சாதாரண இழப்பு அல்ல. கூலி 900 ரூபாய், பாகங்களுக்குத் தனியாக ஆனது. ஆனால் பில் கிடையாது, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று துண்டுச்சீட்டில்கூட எழுதித் தரமாட்டார். கழற்றிய பழைய பாகங்களைக் கையில் கொடுத்துவிடுகிறார் என்பதால் ஏமாற்றுவார் என்ற எண்ணம் எனக்கு இல்லை, ஆனாலும் கணக்கு வைத்துக்கொள்கிறவர்களுக்கு இது இடைஞ்சல். வேலை நடக்கும்போது உட்காருவதற்கு ஒரு பழைய ஆட்டோ சீட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை, நிழலும் மதியத்துக்குமேல் நகர்ந்துவிடும். சர்வீஸுக்குப் பிறகு ஒரு சிறு கசிவு தெரிந்து மறுபடியும் போனபோது, உடனே பேக்கிங்கைச் சரிசெய்து தந்தார், கூலி வாங்கவில்லை. ஆனால் அதற்கும் வரிசையில் நிற்கத்தான் வேண்டியிருந்தது.

தண்ணீரில் குளிரும் புது வகை இன்ஜினோ, கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் கொண்ட வண்டியோ வைத்திருப்பவர்கள் இங்கே போகத் தேவையில்லை. ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், சென்சார் ஆகியவற்றைச் சோதிக்கும் கருவிகள் அவரிடம் இல்லை; அதை அவரே சொல்லி கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பிவிடுகிறார். வாரன்டி காலத்தில் இருக்கும் வண்டிகளையும் அவர் தொடுவதில்லை. காற்றில் குளிரும், சில ஆண்டுகள் ஓடிய வண்டிக்குத்தான் இந்த இடம் பொருத்தம். அப்படிப்பட்ட வண்டிக்கு இந்தச் செலவு, பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி சீஸ் ஆகி, சிலிண்டரைக் கடைந்து போர் எடுக்கிற செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

போக நினைக்கிறவர்கள் பங்குனி முடிவதற்குள் நேரில் போய்ச் சொல்லிவைப்பது நல்லது. ஃபோனில் அவர் நாள் கொடுப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு வண்டியைத்தான் எடுக்கிறார். சித்திரை பாதி ஆகிவிட்டால் சீஸ் ஆன வண்டிகளே வரிசையை நிரப்பிவிடுவதால் இந்த வேலையை அவர் ஆனி வரை தள்ளிப்போட்டுவிடுவார்.